விக்டோரியா பூங்காவில் ஒலித்த டிட்ஜெரிடூ எந்த மண்ணுக்குரியது?

குழலோசை:
ஜனவரி 26 அன்று சிட்னியின் விக்டோரியா பூங்காவில் நடந்த யாபுன் என்ற பழங்குடியினர் விழாவைப் பற்றி எழுதிய ஒருவர், "சிட்னி மண்ணின் 50,000 ஆண்டுப் பழமையான டிட்ஜெரிடூவைக் கேட்டேன்" என்று இங்கே பெருமையோடு பதிந்திருக்கிறார். அவர் விழாவுக்குச் சென்றது நல்லதே. ஆனால் டிட்ஜெரிடூ என்ற அந்த நீண்ட மர ஊதுகுழல் சிட்னி மண்ணுக்குரியது அல்ல. அது ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள ஆர்னம் நிலப்பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள யோல்ங்கு பழங்குடி மக்கள் அதை யிடாக்கி என்கிறார்கள். பாறை ஓவியங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் அதற்குக் கணிக்கும் வயதும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள்தான்.

வாகைநிழல்:
அந்த ஒருவன் நான்தான் ஐயா. பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். வாசித்தவர் பழங்குடியினர், வாசித்த இடம் சிட்னியின் பழங்குடிகளான கடிகல் மக்களின் நிலம். வாய் வைக்கும் முனையில் தேன்மெழுகு அப்பியிருந்தது, அதில் விரல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. என் மகள் மறுமுனையில் உள்ளங்கையை வைத்துவிட்டு, "அப்பா, காற்று துடிக்கிறது" என்றாள். நேரில் நின்று கேட்டு வந்தவனுக்கு நீங்கள் வரைபடம் காட்டுகிறீர்கள்.

குழலோசை:
நான் தேன்மெழுகைப் பற்றிக் கேட்கவில்லை. சிட்னிக்குரியது அல்ல என்றேன். அதற்கு உங்களிடம் விடை இல்லை. கரையான் உள்ளே குடைந்த யூக்கலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்து, வெட்டி, செதுக்கி அந்தக் குழலை ஆக்கியவர்கள் இங்கிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் வாழ்கிறவர்கள். இந்தத் தென்கிழக்குப் பகுதியில் தாளக் குச்சிகள் இருந்தன. போசம் என்ற மரவாழ் விலங்கின் தோல் போர்வையைச் சுருட்டி மடியில் வைத்துப் பெண்கள் தட்டிய தாளம் இருந்தது. பின்னாளில் யூக்கலிப்டஸ் இலையை உதட்டில் வைத்து ஊதும் இசையும் வளர்ந்தது. 1932இல் சிட்னி துறைமுகப் பாலம் திறக்கப்பட்டபோது வாலகா ஏரிப் பழங்குடியினரின் இலையிசைக் குழு அதில் வாசித்துச் சென்றது. அந்த இலையைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரி உண்டா? இந்தியர் என்றாலே பாங்ரா ஆடுவார்கள் என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அதே தவற்றைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

நெய்தல்:
அந்த ஒப்புமை பொருந்தாது. பாங்ராவை நம்மீது பிறர் சுமத்துகிறார்கள். டிட்ஜெரிடூவைத் தெற்கிலுள்ள பழங்குடியினர் தாங்களே விரும்பிக் கையில் எடுத்தார்கள். நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, குழந்தைகள் பறிக்கப்பட்டு, தாய்மொழி பேசவும் தடுக்கப்பட்ட மக்கள், தங்களை ஒன்றுசேர்க்கும் ஓர் ஒலியைப் பகிர்ந்துகொள்வதற்கு, நேற்று வந்து குடியேறிய நாம் எல்லைக்கோடு போடுவதா? மேலும், நீங்கள் இருவருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள். விழா நடந்த ஜனவரி 26, 1788இல் ஆங்கிலேயர் இங்கே கொடியேற்றிய நாள். 1938இல் பழங்குடித் தலைவர்கள் இதே சிட்னியில் அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். அந்த நாளில் கூடுவது, தாங்கள் அழியவில்லை என்று சொல்வதற்காக.

குழலோசை:
அந்த நாளைப் பற்றி நான் மறுப்பே சொல்லவில்லையே, அம்மா. விரும்பி எடுத்தார்கள் என்பது உண்மை. எடுத்துக்கொண்டதால் அது சிட்னிக்குரியதாகிவிடாது. வாசித்தவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று வாகைநிழல் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் அந்தக் கலைஞரே விளக்கியிருப்பார்.

வாகைநிழல்:
கூட்டத்தில் என் மகள் தானும் ஊதிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளைச் சமாதானப்படுத்தவே நேரம் போதவில்லை.

குழலோசை:
நல்லவேளை, ஊதவில்லை. வடக்கில் சடங்குகளில் ஆண்கள்தான் வாசிப்பார்கள். பெண்கள் தொடுவதே கூடாது என்று கருதும் குழுக்களும் உண்டு.

நெய்தல்:
சடங்குக்கு வெளியே வாசிக்கும் பழங்குடிப் பெண்களும் இருக்கிறார்கள். அதை அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வார்கள். ஒரு சிறுமியின் ஆசையைக் கேட்டதும் "நல்லவேளை" என்கிறீர்களே! சென்ற ஆண்டு பறை பற்றிய விவாதத்திலும், பெண்கள் அடிப்பதைப் பற்றி நீங்கள் இதே தொனியில்தான் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

குழலோசை:
பறையை இங்கே இழுக்க வேண்டாம். அன்று நான் சொன்னதை நீங்கள் பாதிதான் படித்தீர்கள். யிடாக்கி ஆர்னம் நிலத்துக்குரியது. வாகைநிழல் தம் பதிவில் அந்த ஒரு வரியைத் திருத்தட்டும்.

வாகைநிழல்:
திருத்த மாட்டேன். அந்தப் புல்வெளியில் நின்று கேட்டதைத்தான் எழுதினேன்.