பதவிக்கால வரம்பா, தவணை வரம்பா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒருவர் எத்தனை முறை ஒரு பதவிக்கு வரலாம் என்ற வரம்புக்கு (term limit) நம் ஒப்பீட்டு அரசியல் சொற்பட்டியலில் 'பதவிக்கால வரம்பு' என்று போட்டிருக்கிறோம். நாளேடுகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனாலும் அதை மாற்றியாக வேண்டும் என்பது என் கட்சி.

பதவிக்காலம் என்பது ஒரு தேர்தலில் வென்றவர் பதவியில் இருக்கும் நான்கோ ஐந்தோ ஆண்டுகள். அதற்கு எல்லை இல்லாத குடியரசு அபூர்வம். இந்தியக் குடியரசுத் தலைவருக்கு ஐந்தாண்டு என்கிறது அரசமைப்பின் 56ஆவது உறுப்பு. அடுத்த உறுப்போ, அவர் மறுபடியும் போட்டியிடலாம் என்கிறது. எத்தனை முறை என்று பேசவே இல்லை. ஆக, இந்தியாவில் பதவிக்காலத்துக்கு வரம்பு உண்டு, நாம் சொல்ல வந்த வரம்பு இல்லை. இராசேந்திர பிரசாத்துக்குப் பிறகு எவரும் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது நடைமுறையே தவிரச் சட்டமல்ல.

இங்கே எண்ணப்படுவது தடவை. அதிலும் எது ஒரு தடவை என்பதில்தான் வழக்கே. அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு தேர்தல்களில் வென்ற பிறகு, 1951இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் 22ஆவது திருத்தம் இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்றது. இன்னொருவரின் பதவிக்காலத்தில் இரண்டாண்டுக்கு மேல் ஆண்டவருக்கு ஒரே ஒரு தேர்தல்தான் என்றும் சேர்த்தது. கென்னடி கொல்லப்பட்டபின் எஞ்சியிருந்த பதினான்கு மாதங்களை ஆண்ட அவருடைய துணை அதிபர் ஜான்சன், 1964இல் வென்றார். 1968இலும் நின்றிருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பதினான்கு மாதம் 'தடவை'க் கணக்கில் சேரவில்லை.

ஆகவே 'தவணை வரம்பு' என்று முன்மொழிகிறேன். தவணை என்றால் கடன் கட்டுவதுதானே நினைவுக்கு வரும் என்று மதுரை அன்பர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் வரும்தான். ஆனால் மலேசியத் தமிழர்கள் 'இரண்டாம் தவணை' என்று ஆட்சிக் காலத்தைச் சொல்கிறார்கள். இலங்கையில் பிள்ளைகள் முதலாம் தவணைப் பரீட்சை எழுதுகிறார்கள். மூன்று இடத்திலும் அடிப்பொருள் ஒன்றே: குறித்த கெடு, அடுத்தடுத்து வருவது.

நாட்டின் தலைவரைக் குறிக்கும் 'அதிபர்' என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. 'அதிபரின் இரண்டாம் தவணை' என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரை நினைப்பார் என்று அங்குள்ள நண்பர் எழுதியது வேடிக்கைக்காக மட்டும் அல்ல, உண்மையும் அதுதான். சரி, அமெரிக்காவைப் போல அதிபரே அரசை நடத்தும் முறைக்கு (presidential system) 'குடியரசுத் தலைவர் ஆட்சிமுறை' என்று போடலாமென்றால், தமிழ்நாட்டில் அது 356ஆவது உறுப்பின்படி மாநில அரசைக் கலைத்துவிட்டு நடப்பது. 'ஜனாதிபதி ஆட்சி'க்கும் அதே கதி. 'ஆட்சி'யை விட்டுவிட்டு இலங்கை வழக்கிலுள்ள 'முறைமை'யை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் நீங்கும். 'அதிபர் முறைமை', 'சனாதிபதி முறைமை' இரண்டையும் இணையாக அச்சிடுவோம்.

பிரான்சின் ஏற்பாட்டுக்கு 'அரை அதிபர் முறை' என்று இருப்பதை அடித்துவிடுங்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபரும், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிரதமரும் அங்கே இருக்கிறார்கள். அதில் யாரும் அரை இல்லை. 'இருதலைமை முறைமை' போதும்.

தவணை வரம்பின் வகைகளுக்குத் தனிச்சொற்கள் தேவை. மெக்சிகோவில் ஆறாண்டு ஆண்டவர் பிறகு எப்போதும் அதிபராக முடியாது. போர்பிரியோ தியாசின் நெடிய ஆட்சியில் பட்ட பாட்டின் விளைவு அது. அதை 'ஒற்றைத் தவணை' எனலாம். அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் கூடாது என்பது 'தொடர்தவணை வரம்பு'. இந்தத் 'தொடர்' என்ற ஒட்டைப் பொருட்படுத்தாமல் விட்டால் ரஷ்யா புரியாது. புதின் 2008இல் மெத்வதேவை அதிபராக அமர்த்தி, 2012இல் திரும்பி வந்தது அந்த ஒட்டின் வழியாகத்தான். 2020 திருத்தத்தில் அந்த ஒட்டை நீக்கினார்கள். கூடவே, அதுவரை ஆண்ட தவணைகள் அவருக்குக் கணக்கில் வராது என்றும் எழுதிக்கொண்டார்கள். அதை அவையில் முன்மொழிந்தவர் விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான தெரஸ்கோவா.

இந்த உத்திக்கு ரஷ்யர்கள் 'பூஜ்யமாக்கல்' என்கிறார்கள். நமக்கு அதைவிட நல்ல சொல் கடைத்தெருவிலேயே இருக்கிறது: 'புதுக்கணக்கு'. பழைய பேரேட்டை மூடி மஞ்சள் தடவிய புதிய ஏட்டில் தொடங்குவது. ஐவரி கோஸ்டில் 2016இல் புதிய அரசமைப்பு வந்ததும் பழைய தவணைகள் செல்லாது என்று சொல்லி அதிபர் வத்தாரா 2020இல் மூன்றாம் முறை நின்று வென்றார். செனகல் அதிபர் வாது 2012இல் இதே வாதத்தை அரசமைப்பு மன்றத்தில் வென்றார், தேர்தலில் தோற்றார். இவையெல்லாம் 'தவணைப் புதுக்கணக்கு'.

வரம்பையே எடுத்துவிடுவது வேறு; அதற்கு 'வரம்பு நீக்கம்'. சீனா 2018இல் செய்தது அது. எதிராக விழுந்தவை இரண்டே வாக்குகள். இலங்கையின் 18ஆவது திருத்தமும் (2010) அதே வகைதான். அதைக் கொண்டுவந்த மகிந்த ராஜபக்ச 2015 சனவரியில் மூன்றாம் தவணை கேட்டுத் தோற்றார். அந்த ஆண்டே 19ஆவது திருத்தம் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. இவற்றையும் புதுக்கணக்கையும் ஒரே தலைப்பில் சேர்த்திருக்கிறோம்; பிரித்துவிடலாம்.

மிச்சம் ஒன்று. தென்கொரிய அரசமைப்பின் 128ஆவது உறுப்பின்படி, தவணையை நீட்டியோ மறுதேர்தலை அனுமதித்தோ வரும் திருத்தம், அது முன்மொழியப்படும்போது பதவியில் இருக்கும் அதிபருக்குச் செல்லாது. இப்படிப்பட்ட விதிக்கு 'தற்பயன் விலக்கு' என்று குறித்து வைத்திருந்தேன். 'விலக்கு' என்பது சலுகை போலத் தொனிப்பதால் 'தற்பயன் தடை' என்று மாற்றுகிறேன். மறுப்பிருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.