ஏற்காட்டு வீட்டில் மார்கழியைச் சமாளிக்க யோசனை தேவை

ஏற்காட்டு நண்பர்களுக்கு வணக்கம். நாகலூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். சேலத்து வெயிலுக்குப் பழகிய உடம்பு. ஐப்பசி மழைக்கே இப்படி நடுங்குகிறது என்றால், 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி எப்படி இருக்குமோ!

கவலை வடக்குச் சுவர்தான். ஓதம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. மேலே சிமெண்ட் பூசலாம் என்கிறார் கொத்தனார். ஈரம் உள்ளேயே அடைபடும் என்று எனக்குத் தயக்கம். மறுபடி சுண்ணாம்பே பூசியவர்கள் இருக்கிறீர்களா? அந்த வேலை தெரிந்த ஆள் மலையில் கிடைப்பாரா?

அப்புறம், மாமியாருக்கு மூட்டுவலி. அவர் அறையையாவது சூடாக வைக்க வேண்டும். கரியடுப்பு வேண்டவே வேண்டாம், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். 2,000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்குமே, பழைய வயரிங்கை மாற்றாமல் யாராவது ஓட்டுகிறீர்களா? கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை இந்த ஈரத்தில் தாங்குமா?