65 இன்ச் டிவிக்கு ஃபேன் இல்லாத சின்ன பிளேயர்: எதை வாங்கலாம்?

வீணைவீடு (ஸ்ரீரங்கம்) கேட்டது:

வணக்கம். ஹாலுக்குப் புதிதாக 65 இன்ச் 4கே டிவி வாங்கியிருக்கிறோம். யூடியூப், ஓடிடி எல்லாம் டிவியிலேயே நன்றாக ஓடுகின்றன. என் கேள்வி எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க்கைப் பற்றியது.

அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்த கச்சேரிகளைத் தம்பி கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக வைத்திருக்கிறான். டிவிடியிலிருந்து எடுத்த பழைய படங்கள், கொஞ்சம் புளூ-ரே படங்கள், மகள் கல்யாணத்து 4கே வீடியோக்கள் எல்லாமே அதே டிஸ்க்கில்தான். அதை நேராக டிவியில் செருகினால் சில படங்களுக்குச் சத்தமே வருவதில்லை. பாட்டு ஓடும், ஆனால் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு விழும். ராகம் முடிந்து தானம் எடுக்கும் இடத்தில் அப்படி விழுந்தால் கேட்கவே மனம் வராது.

இப்போதைக்குப் பழைய லேப்டாப்பை மாட்டி ஓட்டுகிறோம். 4கே வீடியோ போட்டவுடன் அதன் ஃபேன் உய்யென்று இரைகிறது. வெயில் காலத்தில் வெறும் பாட்டுக்கே இரைகிறது. பாடுபவர் மந்தர ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தில் நின்று மூச்சு விடும்போது தம்புரா மட்டும் கேட்க வேண்டும். எங்கள் ஹாலில் தம்புராவோடு ஃபேனும் கேட்கிறது, அதுவும் வேறு சுருதியில். அப்பாவின் பதிவில் அந்த இடங்கள்தான் உயிர்.

ஷோகேஸில் அடங்கும் அளவு, டிவி ரிமோட்டிலேயே ஓட்டும் வசதி, சத்தம் அறவே கூடாது. ராஸ்பெர்ரி பையா, ஆப்பிள் டிவியா, மினி பிசியா?

கம்பிச்சுருள்:

வணக்கம் அம்மா. தம்புரா கேட்க வேண்டும் என்றால் ஃபேன் உள்ள எதையும் யோசிக்கவே வேண்டாம். சத்தம் குறைந்த ஃபேன் என்று விற்பார்கள். தூசி ஏறியதும் அதுவும் இரைய ஆரம்பிக்கும்.

4கே வீடியோக்களில் நிறைய எச்இவிசி முறையில் சுருக்கப்பட்டவை. அதை விரிப்பதற்கென்றே சிப்புக்குள் தனிச் சுற்று இருந்தால் சில வாட் மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும். பழைய லேப்டாப்பில் அது இருக்காது. மொத்தக் கணக்கையும் பிராசஸரே போட்டுச் சூடாகும், ஃபேன் சுற்றும். அதனால் வேகமான பெட்டியாகத் தேடாதீர்கள். உங்கள் கோப்புகள் எந்த முறையில் இருக்கின்றனவோ அதைச் சிப்பிலேயே விரிக்கும் பெட்டியாகத் தேடுங்கள்.

நான் சொல்வது ராஸ்பெர்ரி பை 4, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். எச்இவிசியை 4கேயில் நொடிக்கு 60 பிரேம் வரை சிப்பிலேயே விரிக்கும். எச்.264 என்ற பழைய சுருக்க முறை என்றால் 1080பி (ஃபுல் எச்டி) வரை. சாதாரண புளூ-ரே படங்களுக்கு அது போதும். டிவிடிக்குத் தனிச் சுற்று இல்லை, ஆனால் அது சின்ன வேலை, பிராசஸர் சூடாகாமலே முடித்துவிடும். 2023இல் வந்த பை 5 இதைவிட வேகம்தான். ஆனால் அதில் எச்.264 சுற்றை எடுத்துவிட்டார்கள், சூடும் அதிகம். ஃபேன் கூடாது என்பவருக்குப் பழசே நல்லது.

லிப்ரெலெக் என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றிச் செருகினால் நேராக கோடி (Kodi) என்ற பிளேயர் திறக்கும். சத்தம் வராத படங்கள் பெரும்பாலும் டிடிஎஸ் ஒலியாக இருக்கும்; பல டிவிகளில் அதற்கு வசதி கிடையாது. கோடி அதைத் தானே பிரித்துச் சாதாரண ஒலியாக டிவிக்குக் கொடுத்துவிடும். ஃபிளாக் கோப்புகளையும் வெட்டில்லாமல் தொடர்ந்து வாசிக்கும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். கல்யாண வீடியோக்களை லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் திறந்து, கோடெக் (சுருக்கிய முறை) விவரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். 4கே, ஆனால் எச்.264 என்று இருந்தால் பை 4 திணறும்.

மாடித்தோட்டம்:

நான் வைத்திருப்பது 2022இல் வந்த ஆப்பிள் டிவி 4கே. அதற்கு முந்தைய 4கே மாடல்களில் ஃபேன் உண்டு, இதில் இல்லை. படம், ரிமோட் இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் யூஎஸ்பி துளை கிடையாது. டிஸ்க்கை ரவுட்டரிலோ வேறு கம்ப்யூட்டரிலோ மாட்டி நெட்வொர்க் வழியாகத்தான் எடுக்க வேண்டும். டிஸ்க்கை நேராகச் செருக நினைக்கும் உங்களுக்கு இது சுற்றுவழி.

மினி பிசி என்றால் இன்டெல் என்100 சிப் உள்ளது நல்லது. 6 வாட் சிப், எச்.264, எச்இவிசி, ஏவி1 எதையும் 4கேயில் விரிக்கும். ஆனால் இந்தச் சிப்போடு வரும் பெட்டிகளில் பலவற்றில் சின்ன ஃபேன் இருக்கும். உடம்பு முழுக்க அலுமினியப் பட்டைகளோடு ஃபேன் இல்லாமல் வருவதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வீணைவீடு:

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். மகளும் அவள் தோழிகளும் போனில் எடுத்தவை எல்லாம் எச்இவிசி. வீடியோக்காரர் கொடுத்த முகூர்த்த வீடியோ மட்டும் 4கே, எச்.264. அந்த ஒரு கோப்புக்காக மினி பிசிக்குப் போக வேண்டுமா? இன்னொரு கவலை, திருச்சி வெயில். சித்திரையில் ஷோகேஸுக்குள் கை வைத்தாலே சூடு தெரியும்.

கம்பிச்சுருள்:

ஒரு கோப்புக்காக வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதை எச்இவிசியாக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப் என்றால் ராத்திரி முழுக்க எடுக்கும், எடுக்கட்டும். முகூர்த்த வீடியோ என்பதால் தரத்தைக் கொஞ்சம் உயர்த்தியே வையுங்கள். மூலக் கோப்பையும் அழிக்க வேண்டாம்.

வெயில் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. பை 4இன் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கும். பிளாஸ்டிக் உறை வாங்காதீர்கள். சிப்பின் மேல் உலோகம் நேராகப் பதியும் அலுமினிய உறை வாங்கினால் பெட்டியே சூட்டை வெளியே விடும். ஷோகேஸுக்குள் கதவை மூடி வைப்பதைவிட டிவிக்குப் பின்னால், காற்றுப் படும் இடத்தில் வைப்பது நல்லது.

படத்துக்கும் ஒரு விஷயம். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்து ஓடும்போது (இதுதான் ரிஃப்ரெஷ் ரேட்) ஒரு பிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறிக் காட்டும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் தூணும் மரமும் விட்டு விட்டு நகர்வது தெரியும். சின்ன டிவியில் கண் விட்டுவிடும், 65 இன்ச்சில் விடாது. கோடி அமைப்பில் பிளேயர் பகுதியில், படத்துக்கு ஏற்றபடி திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். நம் ஊர் டிவிடிகளில் பல 25 பிரேம். அவற்றுக்குத் தானாக 50க்குப் போகும்.

சிற்றலை:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஹாலில் அடுத்து கேட்கப்போவது ஹார்டு டிஸ்க் அம்மா. உங்களுடையது 3.5 இன்ச் டெஸ்க்டாப் டிஸ்க் என்றால், சுற்றும் சத்தமும் இடையிடையே கட்கட் என்று தலை நகரும் சத்தமும் ஃபேன் போனதும் தெளிவாகக் கேட்கும். நானும் பழைய ரேடியோப் பதிவுகள் கேட்பவன்தான், இது என்னைப் படுத்தியிருக்கிறது. கச்சேரிகளை மட்டுமாவது ஓர் எஸ்எஸ்டியில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றும் பாகமே கிடையாது என்பதால் சத்தமும் கிடையாது. படங்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். அப்பாவின் பதிவுகளுக்கு இன்னொரு நகல் இருப்பதும் நல்லதுதானே.

பை 4இன் யூஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். எஸ்எஸ்டியோ 2.5 இன்ச் டிஸ்க்கோ ஒன்று தாங்கும். இரண்டு மாட்டினால் தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டும். பை 4க்கு அதற்கென்றே வரும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை வாங்குங்கள். போன் சார்ஜரோ, டிவியின் யூஎஸ்பி துளையோ வேண்டாம். அப்புறம், கரண்ட் போகும் ஊர் நம்முடையது. இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், திடீரென்று அணைந்தால் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு. ராத்திரி அணைக்கும்போது மெனுவில் அணைத்துவிட்டு அப்புறம் சுவிட்சை அணையுங்கள்.

வீணைவீடு:

டிஸ்க் 3.5 இன்ச்தான். அதன் சத்தத்தையும் இத்தனை நாள் ஃபேன் கணக்கிலேயே சேர்த்திருந்தேன் போலிருக்கிறது. சரி, பை 4, அலுமினிய உறை, கச்சேரிகளுக்கு எஸ்எஸ்டி. தம்பியிடம் சொல்லிவிட்டேன். டிவி ரிமோட்டிலேயே ஓட்ட எதாவது வாங்க வேண்டுமா?

கம்பிச்சுருள்:

எதுவும் வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ரிமோட்டின் கட்டளை போகும், அதற்கு சிஇசி என்று பெயர். டிவி அமைப்பில் சிம்ப்ளிங்க், எனிநெட் பிளஸ், பிராவியா சிங்க் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பை 4இல் இருப்பவை இரண்டும் மைக்ரோ எச்டிஎம்ஐ, அதனால் கேபிளின் ஒரு முனை மைக்ரோவாக இருக்க வேண்டும். மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் மாட்ட வேண்டும், மற்றதில் மாட்டினால் ரிமோட் வேலை செய்யாமல் போகலாம்.