மேல்மலைத் தடுப்புச்சுவர் வேலை: ஒரே வாரத்தில் டெண்டர் முடிக்கலாமா?

மேல்மலை விவசாயி:
கொடைக்கானல் மேல்மலையில் உள்ள எங்கள் ஊராட்சியில், பூண்டும் கேரட்டும் ஏற்றிச் செல்லும் சாலையின் ஓரம் கடந்த மழையில் சரிந்துவிட்டது. அங்கே கல் தடுப்புச்சுவர் கட்டுவதற்குச் சுமார் 40 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே ஒரு வாரமே இருந்தது. கேட்டால் அவசர வேலை என்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

திண்டுக்கல் வழக்கறிஞர்:
தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்கு, டெண்டர் அறிவிப்புகளுக்கான அரசு வெளியீடான டெண்டர் இதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகை என்றால் 30 நாள். இந்த அவகாசத்தைக் குறைக்க முடியாது என்றில்லை, ஆனால் டெண்டர் கோரும் அலுவலரே அதைக் குறைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு மேலான அதிகாரி காரணங்களை எழுத்தில் பதிவு செய்து அனுமதித்திருக்க வேண்டும். இயற்கைப் பேரிடர் அல்லது அவசரநிலை என்று சட்டப்பிரிவு 16-இன் கீழ் விலக்குப் பெறுவதானாலும், அதை அரசு அறிவித்திருக்க வேண்டும். அவசரம் என்று வாயால் சொன்னால் போதாது.

ஓய்வு பெற்ற பொறியாளர், குன்னூர்:
வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மலையில் அந்த 15 நாள் வெறும் சடங்கு அன்று. லாரி எதுவரை போகும், அங்கிருந்து கல்லைத் தலைச்சுமையாக எவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும், கடினமான மண் எத்தனை அடியில் கிடைக்கும் என்பதையெல்லாம் நேரில் பார்க்காமல் வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ எந்த ஒப்பந்தக்காரரும் விலை போட மாட்டார். நாளைக் குறைத்தால் உள்ளூரில் ஏற்கெனவே இடத்தை அறிந்தவர் மட்டுமே மிஞ்சுவார். போட்டி பெயரளவில்தான் இருக்கும்.

மேல்மலை விவசாயி:
நன்றி ஐயா. ஆனால் அடுத்த பருவமழைக்குள் சுவர் எழாவிட்டால் சாலையே போய்விடும் என்று ஊரில் பலர் அஞ்சுகிறார்கள், அந்த அச்சம் நியாயமானதுதான். நான் மேல்முறையீடு செய்ய முடியுமா?

திண்டுக்கல் வழக்கறிஞர்:
அதே சட்டத்தின் பிரிவு 11-இன்படி, டெண்டர் யாருக்கு என்று முடிவு செய்த உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை டெண்டரில் பங்கேற்றுப் பாதிக்கப்பட்டவருக்கே உண்டு, ஊர்க்காரருக்கு இல்லை. நீங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அவகாசத்தைக் குறைத்த அனுமதி உத்தரவையும் யார் யார் என்ன விலை போட்டார்கள் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலையும் நகலாகக் கேளுங்கள். உத்தரவு இருந்தால் அதில் எழுதியுள்ள காரணத்தைப் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அதையே கிராம சபையில் எழுப்பித் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வேலையை நிறுத்தாமலேயே இவ்வளவும் செய்யலாம்.

ஓய்வு பெற்ற பொறியாளர், குன்னூர்:
வேலை தொடங்கிவிட்டால் அஸ்திவாரத்தை மூடுவதற்கு முன்பே அதன் ஆழமும் அகலமும் எம் புக்கில், அதாவது வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில், ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சுவரின் பின்புறம் வெறும் மண்ணைத் தள்ளாமல் கல்லும் சரளையும் நிரப்புகிறார்களா, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் வெளிச்சரிவாக இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். மலையில் பெரும்பாலான சுவர்கள் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தால்தான் சாய்கின்றன.