மெலிசான, கனமில்லாத மடிக்கணினிக்குப் பெயர்: ‘இலகுரக மடிக்கணினி’ என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

அல்ட்ராபுக்கிற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை முழுவதுமாகப் படித்தேன். மென்கணினி, மெலிகணினி, ஒல்லிக்கணினி, சன்னக்கணினி, நொய்க்கணினி, ஏட்டுக்கணினி. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் முன்வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை அந்தப் பொறி எவ்வளவு மெலிசு என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. பெயரை எடையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இழையில் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கும் இடையிடையே பதில் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் மடிக்கணினி வாங்குவதற்கு முன் படித்துப் பார்க்க ஒரு சிறு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். இங்கே பல வீடுகளில் அது நகையை அடகு வைத்து வாங்கும் பொருள். கடைக்காரர் சொல்வது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிவிட்டு வரும் நிலை கூடாது. அதனால்தான் சொல் சரியாக அமைய வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். அல்ட்ராபுக் என்பது பொதுப்பெயர் இல்லை. இன்டெல் நிறுவனம் 2011-இல் அறிவித்த வணிகப்பெயர் அது. 13.3 அங்குலம் வரையிலான திரை என்றால் தடிமன் 18 மில்லிமீட்டர், 14 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 21 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வேறு நிறுவனங்களின் செயலகம் (புராசசர்) வைத்த மெலிசான மடிக்கணினிகளுக்கு அந்தப் பெயரே பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் பெயரை நாம் தமிழாக்க வேண்டியதில்லை. தேவை, அந்த வகை முழுவதற்கும் ஒரு பெயர்.

> மெலிகணினி வினைத்தொகையாக அமைகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. இதில் என்ன குறை?

இலக்கணத்தில் குறையே இல்லை ஐயா. பொருளில்தான் இடிக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பார்த்து ‘மெலிஞ்சு போயிட்டியே’ என்கிறோம். வலியோர் என்றால் எதிரே மெலியோர் வந்து நிற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கப்போகும் பொறியைப் பெயரிலேயே நோஞ்சான் என்று சொல்வானேன்? மென்கணினியை ‘மென்பொருள்’ ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. ‘மென்’ என்றவுடன் வன்பொருளுக்கு எதிரானது என்றுதான் மனசு போகும்.

தமிழில் மெலிசுக்கு ஒரே சொல் கிடையாது என்பதும் நமக்குத் தடையாக நிற்கிறது. ஆளோ, மாடோ, உடம்பு சிறுத்திருந்தால் ஒல்லி. நூல், மணல், அரிசி, கழுத்துச் சங்கிலி, குரல் இவையெல்லாம் சன்னம். நெல் கொள்முதல் நிலையத்தில்கூட சன்ன ரகம், பொது ரகம் என்றுதான் பிரிக்கிறார்கள். தகடு, துணி, தோசை போலத் தட்டையாக விரிந்தது என்றால் மெலிசு. மடிக்கணினி தட்டையான பொருள். ஆகவே ஒல்லியும் சன்னமும் காதில் ஒட்டவில்லை. நொய்ம்மை பழைய, அழகான சொல்தான். ஆனால் இன்றைக்கு நொய் என்றால் கஞ்சிக்குப் போடும் குறுணைதான் எல்லோருக்கும் தெரியும்.

ஏட்டுக்கணினியை விட எனக்கு மனசே வரவில்லை. குறிப்பேடு, பதிவேடு என்று நோட்டுப் புத்தகக் குடும்பத்தோடு நேராகச் சேர்கிறது. ஓலைச்சுவடியிலிருந்து வருகிற தொடர்ச்சியும் இருக்கிறது. ஆனாலும் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழமொழி புழங்கும்வரை ‘ஏட்டு’ என்ற அடையில் ‘நடைமுறைக்கு ஆகாதது’ என்ற வாடை அடிக்கும்.

சரி, எடைக்கு வருகிறேன்.

காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போகும் பிள்ளைக்குத் தோள்பையில் இருக்கும் பொறி 16 மில்லிமீட்டரா 20 மில்லிமீட்டரா என்பது தெரியப்போவதில்லை. எடை தெரியும். வழக்கமான 15.6 அங்குல மடிக்கணினி ஏறக்குறைய 1.7 முதல் 2.2 கிலோ வரை வரும். அதோடு அடாப்டர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், புத்தகங்கள். இதே வேலைக்கு 1.2 கிலோவில் ஒன்று கிடைத்தால் தோளுக்கு அது பெரிய விடுதலை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ஏரைக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டியபோது எல்லோரும் பேசியது அதன் மெலிவைப் பற்றி. அதன் எடை 1.36 கிலோ என்பதுதான் தினமும் சுமந்தவர்களுக்குப் பயன்பட்ட செய்தி. எல்ஜி நிறுவனம் தன் மடிக்கணினி வரிசைக்கு ‘கிராம்’ என்றே பெயர் வைத்து, ஒரு கிலோவுக்குக் கீழே கொண்டுவந்தது. எடையை வைத்துப் பெயரிடுவது நான் புதிதாகக் கிளப்பும் வழி இல்லை.

மெலிசு வேறு, இலேசு வேறு என்பதையும் பார்க்க வேண்டும். உடற்கூட்டை அலுமினியத்தில் செய்யாமல் மக்னீசியக் கலவையில் செய்தால் தடிமன் மாறாமலே எடை குறையும். ஏனென்றால் மக்னீசியத்தின் அடர்த்தி அலுமினியத்தினுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெலிசாக இருந்தும் கனக்கும் பொறிகள் கடையில் உண்டு.

இனி என் பரிந்துரை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி, மாதவரம் பக்கமும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்க்காத வடசென்னைக்காரர் இல்லை. ‘கனரக வாகனங்கள் செல்லக்கூடாது’ என்ற பலகையும் எல்லோருக்கும் பழக்கம். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனால் இலகுரக வாகனமா, கனரக வாகனமா என்று கேட்கிறார்கள். தேஜஸைப் பத்திரிகைகள் இலகுரகப் போர் விமானம் என்று எழுதுகின்றன. சொல் தெருவில் தயாராக நிற்கிறது, நாம் கைப்பிடித்து அழைத்து வந்தால் போதும்: இலகுரக மடிக்கணினி.

இதன் பெரிய நன்மை, எதிர்ச்சொல் கூடவே வருவது. விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் வாங்கும் பெரிய பொறிகளைக் கனரக மடிக்கணினி எனலாம். தமிழில் கனம் என்பது எடையையும் குறிக்கும், தடிமனையும் குறிக்கும். ‘கனமான அட்டை’ என்றால் தடித்த அட்டை. ஆக, கனரகத்துக்கு எதிரே நிற்கும் இலகுரகத்துக்குள் மெலிவும் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. மற்ற எந்தச் சொல்லாலும் இது முடியவில்லை.

> இலகு வடசொல் அல்லவா? ரகமும் தமிழில்லையே?

உண்மைதான். ‘லகு’விலிருந்து வந்தது இலகு. ரகமும் வெளியிலிருந்து வந்ததே. தனித்தமிழ்ச் சொல் கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இலகு தமிழ் ஒலிக்கு இசைந்து, முன்னால் இகரம் பெற்று, ஈழத் தமிழரின் அன்றாடப் பேச்சில் நன்றாக வேரூன்றிவிட்ட சொல். வாகனத்தில் ஏற்றுக்கொண்டதைக் கணினியில் மறுப்பது நியாயமாகப் படவில்லை.

> சொல் நீளம். யார் சொல்வார்கள்?

‘இலகுரகம் காட்டுங்க’ என்று கடையில் கேட்டால் போதும். கனரகம் என்பதைத் தனியாகச் சொல்லவில்லையா?

கலைச்சொல் என்றால் அளவும் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இலகுரக வாகனத்துக்கு 7,500 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறது. நாமும் ஓர் எல்லை வைப்போம். பொறியும் மின்னூட்டியும் (அடாப்டர்) சேர்ந்து 1.5 கிலோவுக்குள் இருப்பது இலகுரகம். மின்னூட்டியைச் சேர்ப்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விளம்பரத்தில் பொறியின் எடையை மட்டும் போடுகிறார்கள், பையில் இரண்டும்தான் போகின்றன. யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றும் 45 வாட், 65 வாட் மின்னூட்டிகள் சிறியவை. அந்த வசதி உள்ள பொறிகள் இந்த எல்லைக்குள் வர வாய்ப்பு அதிகம்.

அப்புறம், இந்த வகையோடு சேர்ந்து வரும் வேறு சில சொற்கள். இடத்தை மிச்சப்படுத்த நினைவகத்தைத் (ரேம்) தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) ஈயம் வைத்துப் பொருத்திவிடுகிறார்கள். ‘பற்றவைத்த நினைவகம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தப் பக்கம் பற்றவைத்தல் என்றால் வெல்டிங் பட்டறைதான். மோதிரத்தில் கல் பதிப்பதுபோல ‘பதித்த நினைவகம்’, கழற்றி மாற்றக்கூடியதைச் ‘செருகு நினைவகம்’ எனலாம். பிள்ளைகள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பதித்ததா, செருகுவதா? பதித்தது என்றால் 8 ஜிபி வாங்கியவருக்குக் கடைசிவரை 8 ஜிபிதான். வாங்கும்போதே 16 கேளுங்கள் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

சூடேறினால் செயலகம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்குச் ‘சூட்டுத் தணிப்பு’ என்ற சொல் வந்திருந்தது. அது குளிர்விப்பது என்று பொருள்படுகிறது. இங்கே குறைவது வேகம், எனவே ‘வேகத் தணிப்பு’. இலகுரகத்தில் வழக்கமாக வைக்கும் செயலகங்கள் 15 வாட் அளவில் ஓடுபவை, கனரகத்தில் 45 வாட்டும் அதற்கு மேலும். சில இலகுரகப் பொறிகளில் விசிறியே இல்லை, 2020-க்குப் பிந்தைய மேக்புக் ஏர் அப்படித்தான். சத்தமே வராது, தூசியும் அவ்வளவாக உள்ளே போகாது. ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நீண்ட நேரம் கனமான வேலை கொடுத்தால் வேகத் தணிப்பு நிச்சயம். எழுத்து வேலை, வகுப்பு, இணையம், கணக்குத்தாள் இவற்றுக்கு அது ஒரு பொருட்டில்லை.

மின்கல அளவுக்கு வாட்-மணி சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம். 50 வாட்-மணி மின்கலத்தில் பொறி சராசரி 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் ஓடும் என்று பிள்ளைகளே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

திரையை உடலோடு பிணைக்கும் உறுப்புக்கு ‘மடிப்பிணைப்பி’ வேண்டாம். தச்சர்கள் காலங்காலமாகக் கீல் என்கிறார்கள், அதுவே போதும். மெலிசான பொறிகளில் கீல் தளர்ந்து மூடி விரிசல் விடுவது அடிக்கடி வரும் பழுது. ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று இணைப்புத் துளைகளை அரிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் உறையில் போட்டு வைக்கவும்.

1.5 கிலோ எல்லை பற்றி உங்கள் கருத்து வேண்டும். மின்னூட்டியைச் சேர்க்கக் கூடாது என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். கீல், பதித்த நினைவகம், வேகத் தணிப்பு மூன்றுக்கும் மறுப்பு வராவிட்டால் கையேட்டில் அப்படியே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
கொருக்குப்பேட்டையிலிருந்து