‘நாம்’ போடுவதா, ‘நாங்கள்’ போடுவதா?

எவ்கேனி சம்யாத்தின் 1920-21இல் எழுதிய ரஷ்ய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தலைப்பே ஒற்றைச் சொல், ஆங்கிலத்தில் ‘We’: தன்மைப் பன்மை. நாவல் முழுக்கக் கதைசொல்லியின் குறிப்புகள்; மூன்று வாரமாக முதல் குறிப்பிலேயே நிற்கிறேன்.

கதைசொல்லி டி-503, விண்கலம் கட்டும் பொறியாளன். அவன் வாழும் நாட்டில் ஆட்களுக்குப் பெயருக்குப் பதில் எண், வீட்டுக்குக் கண்ணாடிச் சுவர். தனக்கென்று நாளுக்கு இரண்டே மணி நேரம்: 16 முதல் 17, 21 முதல் 22. வேற்றுக்கிரகத்தார் படிக்க எழுதுகிறான். ‘நான் நினைப்பது’ என்று தொடங்கியவன் உடனே அதைப் பன்மையாகத் திருத்திக்கொள்கிறான். சிக்கல் அங்கேதான்.

‘நாங்கள்’ போட்டேன். வாசகர் வெளி ஆள் என்பதால் இலக்கணம் சரி. ஆனால் எல்லாரையும் விழுங்கப் பார்க்கும் அரசின் மிரட்டல் காணாமல் போகிறது. ‘நாம்’ போட்டால் மிரட்டல் வருகிறது, கூடவே மேடைப்பேச்சு வாடையும். அப்புறம் இரண்டையும் கலந்தேன். படித்த நண்பர் தட்டச்சுப் பிழை என்றே நினைத்துவிட்டார்! ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடே கிடையாது, அதனால் மூலத்தைப் புரட்டியும் பயனில்லை.

பின்னால் அவனுக்கு ‘ஆன்மா’ முளைத்துத் தனிமை உறைக்கும்போது வரும் ‘நான்’ நன்றாகக் குத்த வேண்டும்.

நீங்களாக இருந்தால் தலைப்புக்கு எதை எடுப்பீர்கள், ஏன்?