மறு: கெய்ர்ன் – கற்குவையா, பதுக்கையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை மெய்ப்பு போயாக வேண்டும். சிறுவர் நூலில் ஒரு படம், அதன் கீழே கெய்ர்ன் என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல். அதற்காக நாலு நாளாகப் பேசுகிறோம். புதிதாக வந்தவர்களுக்கு: அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில் நாக்நரே என்று ஒரு மலை, 327 மீட்டர் உயரம். உச்சியில் கல்லாலேயே குவித்த மேடு, ஏறத்தாழ 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், சுமார் 5,000 ஆண்டுப் பழமை. ஆங்கிலத்தில் கெய்ர்ன், ஐரிஷில் கார்ன்.

> "பரலுடை மருங்கின் பதுக்கை சேர்த்தி" என்று புறநானூறே சொல்லும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, இறந்த வீரனுக்குக் கல் குவித்த மேட்டைப் பதுக்கை என்று சொல்லும் அந்த 264ஆம் பாட்டுதான் எனக்கும் முதலில் நினைவுக்கு வந்தது. அயர்லாந்துப் பழங்கதையில் வரும் மேவ் அரசி, அல்ஸ்டர் நாட்டுக் காளை ஒன்றைக் கவரப் படை நடத்தியவள். செத்த பிறகும் அல்ஸ்டர் பக்கம் பார்த்தபடி, ஈட்டியும் கையுமாக, நின்ற நிலையில் அந்த மேட்டுக்குள் இருக்கிறாள் என்பது ஊர்க்கதை. இதைக் கேட்டதும் ஆநிரை கவரும் வெட்சித் திணை நினைவுக்கு வராத தமிழாசிரியர் உண்டா? ஆனால் 264இல் பதுக்கை பெற்றவன் ஆநிரையை மீட்ட கரந்தை வீரன். மேவ் கவரப் போனவள். அதுகூடப் போகட்டும். நம் தொல்லியலார் கற்பதுக்கை என்பதை, பலகைக்கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த ஈமப்பெட்டிக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் நாளை மாணவர்தான் குழம்புவார்.

> கார்னும் நம் கரடும் ஒரே வேர்.

கரடு அருமையான சொல், தம்பி. ஆனால் அது தானாக அமைந்த கல்மேடு, இது ஆள் சுமந்து கட்டியது. ஐரிஷ் இந்தோ-ஐரோப்பிய மொழி. இரு பக்கமும் பழைய வடிவங்களை அடுக்கிக் காட்டாமல், ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்ல முடியாது.

> கெய்ர்ன் எண்டே எழுதுங்கோ, பிள்ளைகளுக்கு விளங்கும்.

அக்கா, எட்டு வயதுப் பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்கவே தடுமாறும்.

நான் கற்குவை என்று பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அந்த மலையிலேயே இருக்கிறது. ஏறுகிறவர்கள் அடிவாரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் மேட்டில் சேர்ப்பது பழைய வழக்கம். அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்துவரக் கூடாது. (மேடு சிதைவதால் அதன்மேல் ஏற வேண்டாம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறார்கள்.) குவியக் குவிய வளர்கிற பொருளுக்குக் குவை என்றுதானே பெயர்? ஊரார் அழைக்கும் பெயரும் அப்படித்தான்: மேவின் மிஸ்கான். மிஸ்கான் என்றால் திரள், வெண்ணெய்த் திரளுக்கும் அதே சொல். மேட்டை இதுவரை யாரும் அகழவில்லை. உள்ளே இடைவழியோடு ஈம அறை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. கண்ணுக்குத் தெரிவது குவை மட்டும்தான்.

> குவை என்றால் பொற்குவை, நெற்குவை. அதில் இறந்தவர் எங்கே?

ஐயாவின் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதுக்கையில் இருக்கிற துக்கம் கற்குவையில் இல்லைதான். அதனால் உரையில் முதல்முறை வரும்போது 'ஈமக் கற்குவை' என்று எழுதுகிறேன். படத்தின் கீழே இடம் போதாது, அங்கே வெறும் கற்குவை. ஆறு பேர் இதற்குச் சரி என்றார்கள். ஐயாவும் இன்னொருவரும் பதுக்கையிலேயே நிற்கிறார்கள், அதைக் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிட்டேன்.

அப்புறம், அடுத்த பக்கத்தில் அயர்லாந்தின் இன்னொரு கற்குவை இடமான லாக்க்ரூ. கிழவி ஒருத்தி மடிநிறையக் கல்லோடு குன்றுக்குக் குன்று தாவும்போது சிந்தியவைதான் அங்குள்ள கற்குவைகள் என்று கதை. அவற்றில் ஒன்றில், பகலும் இரவும் சமமாகும் நாட்களில் காலை வெயில் நீண்ட இடைவழியில் நுழைந்து கடைசிக் கல்லின் செதுக்கல்கள்மேல் விழும். இப்படி இடைவழி உள்ள கல்லறை வகைக்குச் சுருங்கைக் கல்லறை என்று போடலாமா? சுருங்கை என்றால் நீர்போகும் வழி மட்டும்தானா? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.